40 நாளில் நீங்கிய தடை: திண்டுக்கல்லின் ஏற்றுமதியைக் காத்தது எது?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும், அதற்கு நூலும் துணியும் ஆளும் அனுப்பும் திண்டுக்கல், வேடசந்தூர், வடமதுரை வட்டாரமும் ஒருசேர அதிர்ந்தன. ஒன்றிய அரசு பருத்தி மீதிருந்த 11 விழுக்காடு இறக்குமதி வரியை நிறுத்திவைத்தது. செப்டம்பர் இறுதிவரை என்று அறிவித்த சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஏற்றுமதியாளர்களுக்குக் கைகொடுக்கக் கோரித் தமிழ்நாடு அரசு பிரதமருக்குக் கடிதம் எழுதியது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குபவை அவை. பாதிப்பேர் சேர்ந்து விடுப்பு எடுத்தாலே அதை வேலைநிறுத்தமாகக் கொள்பவை.

இந்த நடவடிக்கைகள் அனைத்துக்கும் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது. விலை மலிவாக இருந்தால் வெளிநாட்டுச் சந்தை நம்மிடம் இருக்கும். விலை மலிவாக இருக்க வேண்டுமானால் தொழிலாளி வாய் திறக்காதிருக்க வேண்டும். மில் முதலாளிகளின் சங்கங்கள் முதல் நிதித்துறை அதிகாரிகள் வரை யாரும் இதைக் கேள்விக்கு உட்படுத்துவதில்லை. நாம் கேள்விக்கு உட்படுத்துகிறோம். அதற்கான சான்றைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் சமவெளியிலேயே, 2021க்கும் 2022க்கும் இடையில், ஓர் ஏற்றுமதி ஆலை சந்தையை இழக்கும் விளிம்புக்குப் போய்த் திரும்பி வந்தது. அதைத் திருப்பி அழைத்து வந்தது தலித் பெண்கள் தலைமையேற்ற ஒரு தொழிற்சங்கம்.

ஓர் ஆர்டரின் ஆயுள்

வளரும் நாடுகளின் ஏற்றுமதி பற்றிய விவாதங்களில் புதிய சந்தையைப் பிடிப்பது பற்றியே பேச்சு மிகுதி. பிடித்த சந்தையில் நிலைப்பது அதைவிடக் கடினம். பெசெடெஷ், புரூசா என்னும் இரு பொருளியலறிஞர்கள் அமெரிக்க இறக்குமதித் தரவுகளைக் கொண்டு 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு நாடு ஒரு பொருளை அமெரிக்காவுக்குத் தொடர்ந்து அனுப்பிவரும் காலத்தின் இடைநிலை அளவு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்தாம். நுழைபவர் பலர், தங்குபவர் சிலர்.

தங்குவதற்கு எவையெவை உதவுகின்றன? நாணய மதிப்பு, துறைமுக வசதி, கடன், வரிச் சலுகை ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆயினும் விலையை மட்டும் நம்பிப் பெற்ற ஆர்டர், அதைவிட மலிவான ஊர் ஒன்று கிடைத்தவுடன் போய்விடும். குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு என்னும் தகுதியால் வங்கதேசத்துச் சட்டை ஐரோப்பாவுக்குள் வரியின்றி நுழைந்துவந்திருக்கிறது. மலிவுப் போட்டியில் திண்டுக்கல் ஓடிக்கொண்டே இருக்கலாம், வெல்வதற்கு இல்லை. கொள்முதல் செய்பவர் ஒரே ஆலைக்கு ஆண்டாண்டாக ஆர்டர் தருவதற்கு நம்பிக்கைதான் காரணமாகிறது. சரக்கு குறித்த நாளில் வரும். சொன்ன தரத்தில் வரும். நாளைக் காலைச் செய்தித்தாளில் நம் பிராண்டின் பெயரைக் கெடுக்கும் எதுவும் அந்த ஆலைக்குள் நடக்காது என்ற நம்பிக்கை.

இந்த மூன்றாவது நம்பிக்கையைத் தருவதற்கென்றே ஒரு தனித் தொழில் வளர்ந்திருக்கிறது. அதன் பெயர் சமூகத் தணிக்கை. தணிக்கையாளர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். பதிவேடுகள் சீராக அடுக்கப்பட்டிருக்கும். தொழிலாளியிடம் கேட்கும்போது நிர்வாகத்தின் ஆள் கூப்பிடு தொலைவில் நிற்பார். திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டத் தொழிலாளர் வழக்குகளில் ஈடுபட்ட நாம் அனைவரும் கண்டது இது: தணிக்கையில் தேறிய சான்றிதழும், அதே ஆண்டின் கூடுதல்நேரக் கூலி மறுப்பும் ஒரே வழக்குக் கட்டில் கிடக்கும். தணிக்கைக் கட்டணத்தைச் செலுத்துவது தணிக்கைக்குள்ளாகும் ஆலையோ அதன் கொள்முதலாளரோதான். சான்றிதழின் கீழ்க் கையெழுத்திடும் உரிமை தொழிலாளிக்கு இல்லை.

சாதி தரும் மலிவு

திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளின் மலிவு எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் பரவிய 'சுமங்கலி' முறையை நம் வாசகர்கள் அறிவர். பதின்பருவப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, 'பயிற்சியாளர்' என்று பெயரிட்டுச் சொற்பக் கூலி கொடுத்து, முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொன்ன முறை அது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியக் கமிட்டி ஆஃப் நெதர்லாந்ஸ் அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை, இப்பெண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் தலித்துகள் என மதிப்பிட்டது.

இது தற்செயலான எண்ணிக்கை இல்லை. நிலமில்லாத குடும்பம், வட்டிக்கடன், வரதட்சணை அச்சம், ஊருக்குள் கூலி உயர்வு கேட்டால் மறுநாள் வேலை கிடைக்காத நிலை ஆகியவை சேர்ந்தே மில் வண்டி காலனி முனையில் வந்து நிற்கும்போது அதில் ஏறவைத்தன. மேற்பார்வையாளர் யார், இயந்திரத்தில் நிற்பவர் யார் என்ற பிரிவில் ஊரின் சாதி அடுக்கு அப்படியே மில்லுக்குள் குடியேறியது. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் 'உழைப்புச் செலவில் சாதகம்' என்று எழுதப்படும் வரியின் உள்ளடக்கம் இதுதான்.

2021 ஜனவரி

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆலை. பன்னாட்டு பிராண்டுகளுக்கு ஆடை தைத்துத் தந்தது. அங்கே வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கொலைக்குக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அவர் பல மாதங்களாக அப்பெண்ணுக்குப் பாலியல் தொல்லை கொடுத்துவந்தார் என்று குடும்பத்தாரும் உடன் பணியாற்றியவர்களும் கூறினர். அவர் மட்டுமல்லர், தாங்களும் துன்புறுத்தப்பட்டதாகப் பிற பெண்களும் பேசத் தொடங்கினர்.

அந்தப் பெண் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். டிடிசியு என்று சுருக்கமாக அறியப்படும் அச்சங்கம் பெண்களால், பெரும்பாலும் தலித் பெண்களால், நடத்தப்படுவது. சங்கம் அக்குடும்பத்தோடு நின்றது. ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் என்னும் ஆசியத் தொழிலாளர் கூட்டணியும், அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் அதனோடு இணைந்து பிராண்டுகளின் வாசலுக்கு வழக்கைக் கொண்டுசென்றன. அதுவரை அந்த ஆலைக்கு வந்த தணிக்கைகள் எவையும் இவற்றைப் பதியவில்லை.

சட்டம் இல்லாததால் இது நடந்ததா? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 முதல் இருக்கிறது. பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(w) பிரிவு, தலித் பெண்ணை அவர் இசைவின்றிப் பாலியல் நோக்கோடு தொடுவதையும், அத்தகைய சொல், செயல், சைகைகளையும் 2016 ஜனவரி 26 முதல் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளகப் புகார்க் குழுவை நியமிப்பது நிர்வாகம். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியர். வெளியிலிருந்து ஒருவர் உண்டு. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் இடம் ஒன்றுகூட இல்லை. 'சாதி' என்ற சொல்லை அச்சட்டம் அறியாது. விசாரணைக்கு 90 நாள். நாள் கூலியில் வாழும் பெண், தன்னைத் துன்புறுத்தியவரின் கண்காணிப்பிலேயே 90 நாள் தையல் லைனில் அமர்ந்திருக்க நேரலாம்.

ஒப்பந்தம் செய்த வேலை

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. டிடிசியுவும் அதன் இரு கூட்டாளி அமைப்புகளும் ஒருபுறம் ஈஸ்ட்மேனோடும், மறுபுறம் ஹெச் அண்ட் எம் நிறுவனத்தோடும் கையெழுத்திட்டன. பின்னர் கேப், பிவிஹெச் நிறுவனங்களும் இணைந்தன. இத்தகைய சட்டப் பிணைப்புள்ள ஒப்பந்தம் ஆசியாவில் இதுவே முதல் முறை. 2019இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டு ஜீன்ஸ் ஆலைகளில் பெண்கள் பெற்ற ஒப்பந்தம் இதற்கு முன்னோடி. திண்டுக்கல் ஒப்பந்தம் ஆடை ஆலையோடு நூற்பாலையையும் உள்ளடக்கியது. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குப் பொருந்தியது. நமக்கு முதன்மையானது மற்றொன்று: பாலினம், சாதி, புலம்பெயர்ந்த நிலை ஆகியவற்றின் பேரிலான பாகுபாட்டை அது ஒன்றோடொன்று பிணைந்தவையாகக் கண்டது.

அதன் இயங்குமுறை எளியது. ஆலைத் தளத்திலேயே வேலை செய்யும் பெண்களைத் தொழிற்சங்கம் கண்காணிப்பாளர்களாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கும். புகார் அவர்களிடம் வரும். நிர்வாகத்தோடு அவ்வப்போதே பேசித் தீர்க்கப்படும். அப்படித் தீராதவற்றை விசாரிக்க நிர்வாகத்தைச் சாராத மதிப்பீட்டாளர்கள் உண்டு. புகார் செய்பவரைப் பழிவாங்குவது ஒப்பந்த மீறல். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் தங்கள் வணிகத்தைக் கொண்டு அதை நெருக்க வேண்டும். ஆலை அதன்படி நடந்தால் பிராண்டுகள் அதற்குத் துணைநிற்க வேண்டும். அறிக்கைகளில் மட்டும் வாழும் 'நடத்தை நெறி'களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது.

முதல் ஆண்டைப் பற்றி ஒப்பந்தத் தரப்பினர் வெளியிட்ட அறிக்கை, இம்முறையில் 185 புகார்கள் எழுந்ததையும், ஏறத்தாழ அனைத்தும் தீர்க்கப்பட்டதையும், அவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் முடிந்ததையும் பதிவுசெய்தது. 90 நாளை நினைத்துக்கொண்டு இந்த ஒரு வாரத்தைப் படிக்க வேண்டும். புகார் இல்லாத ஆலை நல்ல ஆலை என்று தணிக்கையாளர் எழுதுவார். புகார் எழக்கூடிய ஆலையே நல்ல ஆலை என்பதைத் திண்டுக்கல் பெண்கள் மெய்ப்பித்தனர்.

40 நாளும் 14 மாதமும்

ஒப்பந்தம் கையெழுத்தான சில மாதங்களில் வேறொரு திசையிலிருந்து இடி விழுந்தது. கட்டாய உழைப்பால் உருவான பொருள்களை உள்ளே விடாதிருக்க அமெரிக்கச் சுங்கத்துறைக்கு 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 307ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. உள்நாட்டில் போதிய அளவு கிடைக்காத பொருள்களுக்கு இருந்த விதிவிலக்கு 2016இல் நீக்கப்பட்ட பிறகு அப்பிரிவுக்குப் பல் முளைத்தது. 2022 ஜூலை 29 அன்று நாச்சி அப்பேரலின் ஆடைகள் மீது அத்துறை தடையாணை பிறப்பித்தது. இத்தகைய ஆணை விழுந்தால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும். இரண்டாம் மாதம் ஆலையில் ஆள்குறைப்பு தொடங்கும். முதலில் வெளியேற்றப்படுபவர் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தடையாணை 2022 செப்டம்பர் 7 அன்று நீக்கப்பட்டது. இடையில் 40 நாள்.

இந்த எண்ணின் பொருளை ஓர் ஒப்பீடு விளக்கும். உலகின் மிகப்பெரிய ரப்பர் கையுறை உற்பத்தியாளரான மலேசியாவின் டாப் குளோவ் மீது அதே அமெரிக்கத் துறை 2020 ஜூலையில் தடையாணை பிறப்பித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் கையுறைக்குத் தட்டுப்பாடு. அந்நிறுவனத்திடம் பணம் இருந்தது, ஆலோசகர்கள் இருந்தனர். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் தரகர்களிடம் கொடுத்திருந்த ஆள்சேர்ப்புக் கட்டணத்தை அது திருப்பித் தர வேண்டியிருந்தது. தடை நீங்கியது 2021 செப்டம்பரில். 14 மாதம்.

இரண்டும் ஒரே வகை வழக்குகள் அல்ல என்பதை ஏற்கிறோம். ஆயினும் தடையை நீக்கக் கோரும் ஆலை மெய்ப்பிக்க வேண்டியது இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்: உள்ளே நிலைமை மாறியிருக்கிறது. இதை ஆலையே சொன்னால் சுங்கத்துறை நம்பாது. ஆலை பணம் கொடுத்து அழைத்துவந்த தணிக்கையாளர் சொன்னால் அரைமனத்தோடு கேட்கும். திண்டுக்கல்லில் அதைச் சொல்லத் தொழிலாளர்களின் சொந்தச் சங்கம் இருந்தது; அச்சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தது; ஒப்பந்தத்தின்படி அன்றாடம் இயங்கிய கண்காணிப்பு இருந்தது. கொலைக்கு நீதி கேட்டு ஆலைக்கு எதிராக நின்றவர்களே மாற்றத்துக்குச் சாட்சியாக நின்றபோது அதை மறுப்பதற்கு யாருமில்லை. எந்தச் சங்கத்தை ஆலை வாசலில் நிற்கவிடக் கூடாது என்று மில் உலகம் கருதியதோ, அந்தச் சங்கமே கப்பலை நகர்த்தியது.

தோல் தந்த பழைய பாடம்

வெளிநாட்டுச் சந்தையின் நெருக்கடி எப்போதும் தொழிலாளிக்கு நன்மை தரும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கும் திண்டுக்கல்லிலேயே சான்று உண்டு.

பேகம்பூரையும் சுற்றுப்புறத்தையும் மையமாகக் கொண்ட தோல் பதனிடும் தொழில் இந்நகரின் பழைய ஏற்றுமதித் தொழில். தோல் கெடாதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளை ஜெர்மனி 1990ஐ ஒட்டித் தடைசெய்தது. பின்னர் சில அசோ சாயங்களையும் தடைசெய்தது. இந்தியத் தோல் தொழில் தடுமாறியது; ஆனால் வீழவில்லை. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று வேதிப்பொருள்களையும் சோதனை வசதிகளையும் தந்தது. தனியொரு சிறு பதனிடும் சாலையால் செய்ய இயலாததைப் பொது நிறுவனம் ஒன்று செய்துகொடுத்ததால் தொழில் சந்தையில் நின்றது.

அதே காலத்தில் அந்தச் சாலைகளின் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் உப்பாக்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஜெர்மானிய விதியில் ஒரு சொல்லும் இல்லை. காலணியை அணிபவரின் தோலில் எந்த வேதிப்பொருள் படக் கூடாது என்று அவ்விதி கவலைப்பட்டது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற தலித் தொழிலாளியின் தோலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அந்தக் கேள்வியை எழுப்ப வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று நிலைநாட்டிய 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் பதனிடும் சாலைகளுக்கும் பொருந்தியது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு புலப்படும். தோலில் சந்தை விதித்த தரம் பொருளோடு நின்றது. ஆடையில் அது தொழிலாளி வரை வந்தது. தானாக வரவில்லை, சங்கம் இழுத்து வந்தது. சங்கம் இல்லாத இடங்களில் ஐரோப்பாவின் புதிய விதிகளும் காகிதக் கட்டுகளாகவே முடியும். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டாய உழைப்புப் பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத் தடை 2027 டிசம்பர் முதல் செயலுக்கு வரவிருக்கிறது. இவற்றுக்கு விடையாகத் தணிக்கை நிறுவனங்கள் இன்னும் தடித்த சான்றிதழ்களைத் தயாரிக்கும்; நாம் ஒப்பந்தங்களைத் தயாரிக்க வேண்டும்.

எழும் மறுப்புகள்

அந்நிய அரசின் சுங்கத்துறையைக் கொண்டு நம் ஆலைகளை நெறிப்படுத்துவது தன்மானத்துக்கு இழுக்கு என்பார்கள். இழுக்குதான். திண்டுக்கல் தொழிற்சாலை ஆய்வாளரும் உள்ளூர்க் காவல் நிலையமும் தத்தம் கடமையைச் செய்திருந்தால், ஒரு தொழிலாளியின் சாவுக்குப் பிறகு வாஷிங்டன் வரை போக வேண்டிய தேவை எழுந்திருக்காது. தொல்லைக்கும் வன்முறைக்கும் எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

செலவு கூடும், ஆர்டர் போகும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் ஒரு பாதி உண்மை. செலவைச் சிறிய ஆலையின் தலையில் கட்டிவிட்டு, விலையையும் ஆண்டுதோறும் குறைத்துக் கேட்கும் பிராண்டுகள் உள்ளன. அதனால்தான் பிராண்டும் கையெழுத்திட வேண்டும் என்கிறோம். மறுபாதிக்கு நாச்சி அப்பேரலின் 40 நாளே விடை. தொழிலாளியின் மௌனத்தை நம்பிப் பெற்ற ஆர்டர், அந்த மௌனம் கலையும் நாளில் போய்விடும்.

சங்கம் வந்தால் முதலீடு வராது என்பது மூன்றாவது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தத்தை இதே வாதத்தோடுதான் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அது மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகும் முதலீட்டாளர் மாநாடுகள் நடந்தன, ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

நம் கோரிக்கைகள்

ஒப்பந்தத்துக்குக் காலவரை உண்டு. ஒரு குழுமத்தின் எல்லையும் உண்டு. வேடசந்தூர் சாலையின் இருபுறமும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் ஆலைகள் அதிகம். எனவே நாம் கோருபவை:

ஏற்றுமதி ஊக்கத்தொகை, மின் கட்டணச் சலுகை, நில ஒதுக்கீடு என்று பொதுப்பணத்தைப் பெறும் ஒவ்வொரு ஜவுளி ஆலையும், தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் கண்காணிப்பாளர்களை ஏற்க வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அரசு நிபந்தனையாக்க வேண்டும்.

உள்ளகப் புகார்க் குழுக்களில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பெண்களுக்கும், தலித், பழங்குடிப் பெண்களுக்கும் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். குழுவுக்கு வரும் புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் கூறு இருந்தால், புகார் தருபவருக்கு அதை எழுத்தில் தெரிவித்து, வழக்குப் பதிய உதவுவது நிர்வாகத்தின் கடமையாக்கப்பட வேண்டும்.

வரி உயர்வைக் காட்டி ஆள்குறைப்பு செய்யும் ஆலைகள், சங்க உறுப்பினர்களையும் புகார் செய்தவர்களையும் முதலில் நீக்குகின்றனவா என்பதைத் தொழிலாளர் துறை ஆராய வேண்டும்.

திண்டுக்கல்லில் சட்டம் பயிலும், சமூகப்பணி பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒப்பந்தம் பற்றி உலகின் பல பல்கலைக்கழகங்களில் விவாதிக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் எழுதிய சட்டம் இது. அதைத் தமிழில் படியுங்கள்; காலனிகளில் வாசித்துக் காட்டுங்கள். மில் வண்டியில் ஏறும் ஒரு பெண், தன் புகாரை யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் விடை வர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு ஏறட்டும்.

வரி உயரும், இறங்கும். நாணய மதிப்பும் அப்படியே. அவற்றின் மீது திண்டுக்கல்லுக்கு அதிகாரம் இல்லை. ஆலைக்குள் தொழிலாளி அச்சமின்றிப் பேசும் நிலை இருக்க வேண்டுமா என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் இங்கேயே இருக்கிறது. அந்நிலை உருவான ஒரே முறை அதற்கு ஒரு தலித் பெண்ணின் உயிர் விலையாயிற்று. அடுத்த ஆலைக்கு அந்த விலையைக் கேட்கும்வரை காத்திருக்க நாம் அணியமாக இல்லை.